தார் சுற்றும் கைக்கும் அரை மணி நேரம்!

தோழனே!

சென்ற மாதம் ஓர் இரவு. ஓமலூரில் கூட்டம் முடிந்தது. மேடை விளக்குகள் அணைந்தன. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலே, தொண்டை கட்டிய நிலையில், சுக்குக் காப்பி கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் இளைஞர் வந்து நின்றார். சட்டையிலே பஞ்சுத் தூசு, கையிலே 192 பக்க நோட்டுப் புத்தகம், கண்ணிலே கூச்சம்.

“அண்ணா, ஒரு நிமிசமுங்க. நான் கதை எழுதறேனுங்க. பன்னெண்டு கதை தொடங்கினேன், மூணுதான் முடிஞ்சுது. வீடு எழுத விடமாட்டேங்குதுங்க.”

தாரமங்கலம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற தோழர் அவர். பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்திலே நின்றுவிட்டு வந்து, அதற்குப் பிறகு கதை எழுத உட்காருகிறார். இரண்டு குழந்தைகள். மாலையிலே மன்றத்தில் கேரம் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை கபடி. எங்கேனும் தெருக்கூத்து என்றால் விடிய விடியப் பார்த்துவிட்டுத்தான் வருவாராம். இத்தனைக்கும் நடுவே கதை!

நோட்டை வாங்கி வந்தேன். ஏனோதானோ என்றுதான் பிரித்தேன். கீழே வைக்க முடியவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்காகத் தன் வெள்ளிக் கொலுசை அடகு வைத்துவிட்டு, கணவனுக்குத் தெரியாமலிருக்க வேண்டுமென்று பூனைபோல் நடக்கிற ஒருத்தியின் கதை. சத்தத்தால் அல்ல, சத்தம் இல்லாததால் கணவன் கண்டுபிடிக்கிறான்! கொலுசுக்குப் பெயர்போன சேலத்துச் சீமையிலே, கொலுசின் மௌனத்தை எழுதியிருக்கிறார் ஒரு தறித் தொழிலாளி. பெருமைப்பட்டேன்.

நோட்டைத் திருப்பித் தர அவர் வீட்டுக்கே போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய துணைவியார் திண்ணையிலே உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். மோர் கொடுத்து உபசரித்தார். “அந்தக் கொலுசுக் கதை அருமையம்மா” என்றேன். அந்த அம்மையார் சிரிக்கவில்லை.

“அது என் கொலுசுங்கண்ணா. கதையில வர்றவளுக்காக அவரு கண்ணு கலங்குவாரு. அதை எழுதறப்பக் கொழந்தை அழுதா, ‘தூக்கிட்டு வெளிய போ’ம்பாரு. எழுதறதுக்கா நான் நேரம் கேட்டேன்? செத்த உக்காரத்தானுங்களே கேட்டேன்!”

சாட்டையால் அடித்ததுபோல் இருந்தது, தோழனே! அவருக்கு மட்டுமல்ல அந்த அடி. இரவெல்லாம் கட்டுரை எழுதுகிறேன் என்று வீட்டிலே விளக்கெரிய வைத்திருக்கும் எனக்கும்தான்!

“வீடு எழுத விடவில்லை” என்கிறார் கணவர். “எழுத்து என்னை உட்கார விடவில்லை” என்கிறார் மனைவி. இந்த வழக்கிலே தீர்ப்பென்ன? முதலில் கணவரின் புகாரை எடுத்துக்கொள்வோம்.

வீடும் வேலையும் எழுத்தைக் கொல்லுமா? கொல்லும் என்றால் இலக்கிய உலகமே இடுகாடாகத்தான் இருந்திருக்கும்! யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா. முடி திருத்தும் தொழிலாளி. கத்தரி பிடித்த கையே பேனாவும் பிடித்தது. 1960-இல் அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ வெளிவந்து இலங்கையின் சாகித்தியப் பரிசைப் பெற்றது. 1966-இல் ‘மல்லிகை’ என்ற இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். கோவையிலே மு. சந்திரகுமார், ஆட்டோ ஓட்டுநர். காவல் நிலையத்திலே தான் பட்ட பாட்டை 2006-இல் ‘லாக்கப்’ என்ற நூலாக்கினார். அதுதான் ‘விசாரணை’ என்ற படமாகி 2015-இல் வெனிசு நகரத் திரைப்பட விழா வரை போயிற்று. இடைசெவல் கிராமத்து உழவர் கி. ராஜநாராயணன் முப்பது வயதைத் தாண்டித்தான் எழுதவே தொடங்கினார். 1991-இல் சாகித்திய அகாதெமி அவர் ‘கோபல்லபுரத்து மக்க’ளைத் தேடி வந்தது.

நம் சேலத்தை எடுத்துக்கொள். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்சிலே கலைஞர் கருணாநிதி ‘மந்திரி குமாரி’ எழுதினார். படம் 1950-இல் வந்தது. ஆனால் ஒன்றை மறவாதே: அங்கே எழுத்தே வேலை, எழுதினால் சம்பளம். நம் தறித் தோழருக்கோ எழுத்து, கூலி கிடைத்த பிறகு மிஞ்சுகிற நேரத்திலே பிழைக்க வேண்டிய பயிர்.

மிஞ்சும் நேரத்திலே பயிர் விளையுமா? விளைந்திருக்கிறது! ஆங்கில நாட்டிலே ஆந்தனி டிராலப் என்றொருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் துறை ஊழியர். காலை ஐந்தரை மணிக்கு மேசையிலே உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்காக எழுதுவார். பிறகு அலுவலகம் போவார். எழுதி முடித்தது 47 நாவல்கள்!

கணக்குப் போட்டுப் பார், தோழனே. நமக்கு டிராலப்பின் வேகம் வேண்டாம். நாளுக்கு அரை மணி, அரை மணிக்கு 150 சொல். ஆண்டிலே 65 நாள் திருமணம், திருவிழா, காய்ச்சல், கட்சிக் கூட்டம் என்று கழிந்து போகட்டும். மிச்சம் 300 நாள். 45,000 சொல்! அது ஒரு நாவல். ஆகவே “நேரமே இல்லை” என்ற புகார் தள்ளுபடி! வேண்டியது ஓர் இரவு முழுதும் அல்ல. ஒவ்வொரு நாளும் அரை மணி.

இனி மனைவியின் வழக்கு. இதுதான் கடினமானது.

அந்த டிராலப் தன் வரலாற்றிலே ஒரு செய்தி சொல்கிறார். விடியலில் தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே ஒரு முதிய குதிரைப் பணியாளரை வைத்திருந்தார். அதற்காக ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறெவரையும்விட அந்த முதியவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று எழுதி வைத்தார். எண்ணிப் பார்! ஐந்தரைக்கு எழுத்தாளர் எழ வேண்டுமென்றால், ஐந்துக்கே இன்னொருவர் எழுந்தாக வேண்டும். அந்த இன்னொருவர் யார்? டிராலப் வீட்டிலே கூலி வாங்கியவர். நம் வீடுகளிலே கூலி வாங்காதவர்!

உருசிய நாட்டு டால்ஸ்டாய் ‘போரும் அமைதியும்’ எழுதினார். உலகம் போற்றுகிறது, போற்றட்டும். அவருடைய கிறுக்கல் கையெழுத்தைத் திருத்தப் பிரதியாக மீண்டும் மீண்டும் எழுதிக் கொடுத்தவர் மனைவி சோபியா. பெற்றது 13 பிள்ளைகள். பண்ணைக் கணக்கும் அவர் தலையில். அந்த அம்மையார் தமக்கென்று எழுதிக்கொண்டது நாட்குறிப்பு. உலகமகா காவியத்தின் அடியிலே ஒரு பெண்ணின் தூக்கமற்ற இரவுகள் கிடக்கின்றன.

தொலைதூரம் ஏன்? துவரங்குறிச்சிக்கு வா. பதின்மூன்று வயதிலே பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண். திருமணத்துக்குப் பின்னும் எழுதத் தடை. வீடு உறங்கிய பிறகு, கழிப்பறையிலே ஒளிந்து நின்று கவிதை எழுதினார். எழுதிய தாளை ஒளித்து வைத்தார். தாய் அதை வெளியே அனுப்ப உதவினார். அச்சில் வந்தபோது பெயர் சல்மா. ஊராருக்கு யாரென்று தெரியாது! 2001-இல் பேரூராட்சித் தலைவரானார். 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற நாவல் தந்தார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் அமர்ந்தார்.

அவர் வென்றார். வாழ்த்துவோம். ஆனால் கேட்கிறேன்: எழுத வேண்டிய கை ஏன் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது? ஆணுக்குத் திண்ணை, மேசை, மன்றம், தேநீர்க் கடை. பெண்ணுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் கழிப்பறை!

1929-ஆம் ஆண்டு பிப்ரவரியிலே செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அக்டோபரிலே இலண்டனில் வர்ஜீனியா உல்ஃப் ஒரு நூல் வெளியிட்டார். பெண் கதை எழுத வேண்டுமென்றால் ஆண்டுக்கு 500 பவுன் வருமானமும், தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்றார். செங்கற்பட்டுக்கும் இலண்டனுக்கும் கடிதப் போக்குவரத்து இல்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒரே உண்மை: கற்பனைக்குக் கூரை வேண்டும், கூரைக்குப் பட்டா வேண்டும்! செங்கற்பட்டுத் தீர்மானம் தமிழ்நாட்டிலே சட்டமாக 60 ஆண்டு பிடித்தது: 1989. சட்டம் வந்துவிட்டது. நம் சமையலறைக்குள் வந்ததா என்பதுதான் கேள்வி!

“அப்படியானால் கேரத்தை விடவா? கபடியை விடவா? கூத்தை விடவா?” என்று கேட்பாய். விடாதே! நான்கு பேரோடு சேர்ந்து சிரிக்காதவன் எழுதும் கதையிலே யார் சிரிப்பார்கள்? திருச்செங்கோட்டிலே திரையரங்கில் சோடாக் கடை வைத்திருந்தவரின் மகன் பெருமாள்முருகன். அங்கே கண்டதையும் கேட்டதையும் கொண்டுதான் ‘நிழல் முற்றம்’ நாவல் பிறந்தது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாவல் நாவலாக எழுதியவர் அவர். எழுத்துக்கு எதிரி கேரம் பலகை அல்ல. கேரம் ஆட்டம் ஒரு மணியில் முடிகிறது. ஆடியவரின் பேச்சு காதிலே தங்குகிறது. எதிரி எது தெரியுமா? கட்டை விரலால் தள்ளத் தள்ள முடியாமல் ஓடுகிற கைப்பேசித் திரை! மன்றத்து நேரம் கதைக்கு விதை. திரையிலே போகிற நேரம் விதைநெல்லைத் தின்கிற எலி. அந்த எலியிடமிருந்து அரை மணியைப் பிடுங்கு. மனைவியிடமிருந்து பிடுங்காதே!

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தத் தோழரிடம் இதையேதான் சொன்னேன். “இரவு ஒன்பது முதல் ஒன்பதரை வரை எழுதுங்கள். குழந்தை அழுதால் அன்று அந்த அம்மையார் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் மாலையிலே மன்றத்துக்குப் போகுமுன் அரை மணி அவருடையது. அடுப்பும் பிள்ளையும் உங்கள் பொறுப்பு. அந்த நேரத்திலே அவர் என்ன செய்கிறார் என்று கேட்கக் கூடாது.” தோழர் தலை குனிந்தார், பிறகு ஒப்புக்கொண்டார். “சோறு குழைஞ்சா நீங்கதான் பொறுப்புங்கண்ணா” என்றார். ஏற்றுக்கொண்டேன்!

சென்ற வாரம் மீண்டும் அந்தப் பக்கம் போனேன். நான்காவது கதை முடிந்துவிட்டது; ஐந்தாவது பாதியிலே. சோறு மூன்று நாள் குழைந்ததாம். நான்காம் நாள் சரியாகிவிட்டதாம். அந்த அம்மையாரைக் கேட்டேன்: “உங்கள் அரை மணியிலே என்ன செய்தீர்கள் அம்மா? படித்தீர்களா? ஏதேனும் எழுதினீர்களா?”

எழுதினேன் என்பார், அதை வைத்து இந்தக் கட்டுரைக்கு ஒரு வெற்றி முழக்கம் கட்டலாம் என்ற ஆசை எனக்கு. அவர் தார்க் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னார்:

“தூங்கினேனுங்கண்ணா.”

எத்தனை ஆண்டு உறக்கம் பாக்கியோ! அந்தப் பாக்கி முதலில் தீரட்டும். தீர்ந்த பிறகு அவர் படிக்கட்டும், எழுதட்டும், திண்ணையிலே சும்மா உட்காரட்டும். அது அவர் விருப்பம். உழைப்புக்கு எட்டு மணி, ஓய்வுக்கு எட்டு மணி, உறக்கத்துக்கு எட்டு மணி என்று ஆலை வாசலிலே முழங்கியவர்கள் நாம். அந்த முழக்கத்தை வீட்டு வாசலிலே விட்டுவிட்டு உள்ளே நுழைவது நியாயமா?

எழுது, தோழனே! தறியைப் பற்றி எழுது, தார் சுற்றும் கையைப் பற்றி எழுது. எழுதப் பேனாவைத் திறக்குமுன் அந்தக் கை இன்று ஓய்ந்ததா என்று ஒரு முறை எட்டிப் பார். ஓயவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போ. கதை காத்திருக்கும்!