உயிர் காக்கும் நாடா

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சாலைகளில் செல்லும் நம் உறுப்பினர்கள், புதிய கார்கள் அணி அணியாகச் செல்வதைக் கண்டிருப்பர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டு ஆலை 2010-ஆம் ஆண்டிலும் உற்பத்தியைத் தொடங்கின. அக்கார்களில் நெசவாளர் உற்று நோக்கத்தக்க பொருள் ஒன்று உண்டு. அதுவே சீட் பெல்ட் எனப்படும் இருக்கை வார்.

இவ்வார் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால், பாவு நெருக்கமாக அமைய நெய்யப்பெற்ற நாடாவேயாகும். மூன்று விரல் அகலமே உடைய இது, ஏறத்தாழ 1,500 கிலோ எடையின் இழுப்பையேனும் அறாமல் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

இத்துணை வலிமை எதற்கு? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றாலும், உள்ளிருப்பவர் உடல் அதே வேகத்தில் முன்னேறும். அவ்வேகம், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையை அடையும் வேகத்திற்கு ஒப்பாகும். காரின் முன்பகுதி நசுங்க, அது அரை மீட்டர் தூரத்தில் நிற்பதாகக் கொள்வோம். வார் அணிந்தவரும் அதனோடு அவ்வளவு தூரத்தில் நிற்கிறார். 60 கிலோ எடையுள்ள அவர் மீது சராசரியாக 1,200 கிலோ எடைக்கு ஈடான விசை விழும். அதனை இடுப்பெலும்பும் தோளும் மார்பும் பகிர்ந்து ஏற்கும். அணியாதவரோ, கார் நின்ற பின்னர்ச் சில விரற்கடைத் தூரத்தில் மோதி நிற்கிறார். விசை பன்மடங்காகித் தலையிலோ மார்பிலோ இறங்குகிறது.

தோளையும் இடுப்பையும் மூன்றிடங்களில் பிணைக்கும் இன்றைய வாரை 1959-ஆம் ஆண்டு வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். இதன் மறு முனை ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கும். மெல்ல இழுத்தால் நாடா தாராளமாக வரும். கார் திடீரென வேகம் குறைந்தால், உள்ளிருக்கும் சிறு குண்டு இடம்பெயர்ந்து ஒரு கொக்கியைத் தூக்கும். அது பற்சக்கரத்தில் மாட்டி உருளையை நிறுத்தும். நாடாவை வெடுக்கென இழுப்பினும் உருளை பூட்டிக்கொள்ளும். பல கார்களில், மோதிய கணமே சிறு வெடிமருந்தின் வாயு நாடாவின் தளர்வை இழுத்து இறுக்கும். பின்னர் உருளையின் நடுத்தண்டு முறுகி, மார்பு நசுங்காவண்ணம் சிறிது விட்டுக்கொடுக்கும்.

அண்மையில் தணிக்கைக்காக வாடகைக் கார் ஒன்றில் சென்றேன். பின்னிருக்கைப் பூட்டுகள் உறைக்கடியில் புதைந்திருந்தன. அவற்றின்மேல் சேலை மூட்டை கிடந்தது. பின்னால் இருப்பவர் வார் அணியாவிடில், மோதலின்போது முன்னிருப்பவர் மீதே பாய்வார். கட்டாத மூட்டையும் அவ்வாறே பாயும்.

ஆதலின் உறுப்பினர்கள் பின்னிருக்கையிலும் வார் அணிதல் வேண்டும். இடுப்பு நாடா வயிற்றின்மேல் அன்றி இடுப்பெலும்பின்மேல் படியவேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் அடியில் அமைதல் வேண்டும். தோள் நாடாவை அக்குளுக்குக் கீழே செருகலாகாது. கரை பிரிந்த நாடாவையும், கடும் விபத்தைத் தாங்கிய நாடாவையும் மாற்றிவிட வேண்டும். 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வார் அணியாமைக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆயினும் இழை அறுந்தால் பாவு வீணாகும் என்பதை அறிந்த நமக்கு, இந்நாடாவின் அருமையை அபராதம் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை.