ஒரு வரிசைக்கு ஒரே சூத்திரம்

விரிதாளின் ஒரு கட்டத்தில் எழுதிய சூத்திரத்தை நகலெடுத்து அடுத்த கட்டத்தில் இட்டால், அதிலுள்ள முகவரிகளும் கூடவே நகர்கின்றன. இவ்வாறு நகர்வது சார்பு முகவரி எனவும், எங்கே நகலெடுத்தாலும் ஒரே கட்டத்தைச் சுட்டி நிற்பது நிலை முகவரி எனவும் கொள்ளப்படும். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கென உருவாக்கி 1979இல் வெளிவந்த விசிகால்க், நகலெடுக்கும் வேளையில் ஒவ்வொரு முகவரியாகக் காட்டி, அது நகர வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று பயனரிடமே கேட்டது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இலோ, எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் இடப்படும் டாலர் குறி அவ்விடையைச் சூத்திரத்துக்குள்ளேயே பதித்துவைத்தது. எக்செல்லும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகிறது.

டாலர் குறியை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை நன்கறிந்தவர்களின் கோப்புகளிலும் சூத்திரங்கள் நகலெடுக்க முடியாதவையாக அமைந்துவிடுவதற்குத் தாளின் அமைப்பே பெரும்பாலும் காரணம். ரூ. 5,00,000 கடனுக்கு மாத வட்டி 1 சதவீதம், மாதந்தோறும் அசலில் ரூ. 10,000 கழிக்கப்படும் என வைத்துக்கொண்டு, மாதங்களை இடமிருந்து வலமாக அடுக்கினால், முதல் மாதத்தின் தொடக்க இருப்பு கடன் தொகையிலிருந்தும், மற்ற மாதங்களின் தொடக்க இருப்பு முந்தைய மாதத்தின் இறுதி இருப்பிலிருந்தும் வரவேண்டும் என்பதால், ஒரே வரிசையில் இரண்டு சூத்திரங்கள் நுழைந்துவிடுகின்றன. கடன் தொகையை நிலை முகவரியால் சுட்டும் முதல் கட்டத்தை, பின்னொரு நாள் வேறொருவர் வலப்புறமாக இழுத்து நிரப்பினால், எல்லா மாதங்களும் ஐந்து இலட்சத்திலேயே தொடங்கும். 50 மாதங்களுக்கு மொத்த வட்டி ரூ. 1,27,500 என வரவேண்டிய இடத்தில் ரூ. 2,50,000 நிற்கும், பிழைச் செய்தி ஒன்றும் தோன்றாது.

இதற்குத் தீர்வு அந்த விதிவிலக்கைத் தனி வரிசையாக்குவதாகும். மாதம் 1க்கு முன்னால் மாதம் 0 என்றொரு நெடுவரிசையையும், அதற்கும் முன்னால் ஒரு வெற்று நெடுவரிசையையும் விட்டு, ‘பெற்ற கடன்’ என்னும் வரிசையில், மாத எண் 0 ஆனால் கடன் தொகை, இல்லையேல் சுழி என்று எழுதினால், தொடக்க இருப்பு எல்லா மாதங்களிலும் இடப்பக்கத்து இறுதி இருப்பாகவே இருக்கலாம். அசல் தவணையையும் பத்தாயிரம், தொடக்க இருப்பு ஆகியவற்றுள் சிறியது என வரையறுத்துவிட்டால், கடன் தீர்ந்தபின் கணக்கு தானே சுழியில் நின்றுவிடும். வட்டி விகிதமும் தவணைத் தொகையும் சூத்திரத்துக்குள் எண்ணாகப் புதைக்கப்படாமல், இடது ஓரத்தில் தனித்தனிக் கட்டங்களில் வைக்கப்பட வேண்டும். வரிசைகள் ஒன்றிரண்டு கூடுகின்றன என்பது உண்மையே. எனினும் ‘ஆனால்–இல்லையேல்’ நிபந்தனைகளை அடுக்கடுக்காய்ச் செருகிய ஒரே நீண்ட சூத்திரத்தைவிட இது படிப்பதற்கு எவ்வளவோ எளிது.

இந்த ஒழுங்கின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவது, மைக்ரோசாஃப்ட்டின் 1982ஆம் ஆண்டு மென்பொருளான மல்டிபிளான் கையாண்டதும், எக்செல்லின் அமைப்புகளில் இன்றும் கிடைப்பதும், ஆனால் மிகச் சிலரே பயன்படுத்துவதுமான ஆர்1சி1 என்னும் குறியீட்டு முறையாகும். வழக்கமான முறையில் ‘எஃப்9’, ‘ஜி9’ என்று கட்டத்துக்குக் கட்டம் வேறுபட்டுத் தோன்றும் முகவரி, இம்முறையில் ‘இடப்பக்கம் ஒரு நெடுவரிசை, கீழே நான்கு வரிசை’ என்னும் பொருளில் எழுதப்படுவதால், சரியாக நகலெடுக்கப்பட்ட சூத்திரங்கள் அனைத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தோன்றும். மாறுபட்ட ஒன்று உடனே கண்ணில் படும்.

தாள்கள் பலவாகும்போது, ஒரே காலம் எல்லாத் தாள்களிலும் ஒரே நெடுவரிசையில் அமைவதும் இன்றியமையாததாகிறது. கடன் தாளில் ஏழாம் மாதம் ‘எல்’ நெடுவரிசையிலும் வருவாய்த் தாளில் ‘ஐ’ நெடுவரிசையிலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் சூத்திரம் சரியானதா என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துத்தான் அறிய முடியும்.

சீரான அமைப்பும் எல்லாப் பிழைகளையும் தடுத்துவிடாது. மூலச் சூத்திரம் தவறானால் தவறும் சீராகவே பரவும். அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி 2010இல் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் வெளியிட்ட ஆய்வின் விரிதாளில், சராசரி காணும் சூத்திரம் 49ஆம் வரிசைவரை செல்லாமல் 44ஆம் வரிசையிலேயே நின்றுவிட்டதால் ஐந்து நாடுகள் விடுபட்டதை, தாமஸ் ஹெர்ண்டன், மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோர் 2013இல் வெளிக்கொணர்ந்தனர். அவர்கள் சுட்டிய குறைகளுள் அது சிறியதே, எனினும் பெரிதும் பேசப்பட்டது அதுதான்.

ஒரு வரிசைக்கு ஒரே சூத்திரம் என்னும் விதி உறுதியாகக் கடைப்பிடிக்கப்பட்ட கோப்பில், சரிபார்ப்பவர் அறுபது கட்டங்களுக்குப் பதிலாக முதல் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு, வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தினால், அதனின்று வேறுபடும் கட்டங்களை எக்செல்லே பொறுக்கிக் காட்டிவிடும். மாதத்துக்கு மாதம் வேறுபட்ட சூத்திரங்கள் கலந்த வரிசையிலோ, இதே கட்டளை பாதிக் கட்டங்களைக் காட்டும். அவற்றுள் எது வேண்டுமென்றே செய்தது, எது கைதவறியது என்பதைக் கோப்பை எழுதியவரிடம்தான் கேட்டறிய வேண்டியிருக்கும்.