எத்தனை மழை பார்த்த கத்தி?

விடியற்காலையில் கம்பத்திலிருந்து கிளம்பும் ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி ஏறி கம்பம்மெட்டுக்கு வந்து சேரும்போது, சோதனைச் சாவடிக்கு மேல் மூடுபனி விலகியிருக்காது. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கியின் உடும்பன்சோலை வட்டம். ஏலத்தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் சாக்கில் சுற்றிய கத்தியுமாக இறங்குவார்கள். மலையாளத்தில் வாக்கத்தி என்பார்கள். நிழல் மரத்தின் கிளையைக் கழிக்க, மிளகுக்கொடி ஏறிய முருக்கு மரத்தைக் கவாத்து செய்ய, காட்டுச்செடியை ஒதுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான். கத்தி மொக்கையானால் அன்றைக்கு வேலை இரண்டு மடங்கு. நுனி உடைந்து தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து.

அப்படியொரு கத்தியை நான் இணையத்தில் வாங்கினேன். விலை மலிவு. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். "பளபளவென்று இருக்கிறது", "சொன்ன நாளில் வந்தது", "கொடுத்த காசுக்கு நிறைவு" என்று வரிசையாகப் பாராட்டு. இரண்டாவது வாரம், முருக்கங்கிளையில் நாலு வெட்டு வெட்டியதும் நுனிப்பக்கத்து வாய் ஓலை மடிவதுபோல மடிந்துவிட்டது. கம்பத்தில் தெரிந்த பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆசாரி அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். வாயை ஒட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு, மயில் கழுத்தைப்போல ஒரு நீலச் சாயல் ஓடியிருந்தது. அது எனக்கு அழகாகத்தான் தெரிந்திருந்தது.

"சாணையிலேயே வெந்துபோச்சு தம்பி. துவைச்சல் இறங்கிருச்சு" என்றார்.

வாங்கியவர்களின் பாராட்டு அத்தனையும் சொல்லாத ஒன்றை அந்த நீலம் சொல்லிவிட்டது. அவர் அதை எப்படிப் படித்தார் என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

இரும்பைக் கத்தியாக்குவது அதில் கலந்திருக்கும் கரி, அதாவது கார்பன். நூறு பங்கில் கால் பங்குக்கும் குறைவாகக் கார்பன் இருந்தால் அது ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் ஆகும் மென்னிரும்பு. எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் வாய் பிடிக்காது. அரை பங்கைத் தாண்டினால் கதை மாறுகிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கார்பன் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பட்டையை உலையில் வைத்துத் துருத்தி ஊதும்போது உள்ளே என்ன நடக்கிறது? இரும்பின் அணுக்கள் ஒழுங்கான கட்டங்களாக அடுக்கப்பட்டவை. ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு தன் காந்த ஈர்ப்பை இழக்கிறது. அதற்கும் மேல் சூடு ஏறிச் செக்கச் சிவந்த நிலைக்கு வரும்போது அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, இடைவெளிகளில் கார்பன் அணுக்கள் தாராளமாகப் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. மெதுவாக ஆறவிட்டால் அவை வெளியே வந்து தனி அடுக்காகப் பிரிந்துவிடும். இரும்பு மிருதுவாகவே இருக்கும். சிவந்த இரும்பைச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. கட்டங்களுக்குள்ளேயே சிறைப்பட்டு, அவற்றை இழுத்து இறுக்குகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று அழைக்கப்படும் அந்த நிலை மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடியைப்போல நொறுங்கக்கூடியது. அப்படியே மரத்தில் வெட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

ஆகவே மறுபடி சூடு காட்ட வேண்டும், இந்த முறை மிதமாக. சிறைப்பட்ட கார்பனில் கொஞ்சம் வெளியே வர, இறுக்கம் தளர்ந்து உறுதி கூடும். கடினத்தையும் உறுதியையும் சமன் செய்யும் இந்த வேலையைத்தான் ஆசாரிகள் துவைச்சல் என்றும் தோய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். ஒரு கத்தியின் ஆயுள் இந்தச் சில நிமிடங்களில் முடிவாகிறது.

அந்த மிதமான சூட்டை அளக்க ஆசாரியிடம் வெப்பமானி கிடையாது. அவர் நிறத்தைப் பார்க்கிறார். தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய எஃகைச் சூடேற்றினால், சுமார் 220, 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள் படரும். பிறகு பழுப்பு. 280-ஐ ஒட்டிக் கத்தரிப்பூ நிறம். 300-ஐ நெருங்கும்போது நீலம். இது இரும்புக்குள் ஏறிய சாயம் அல்ல. காற்றின் ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் அடங்கிச் சில நிறங்கள் மிஞ்சுகின்றன. மழை நனைத்த ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுவதும் இதே விதிப்படிதான். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கிறது, நிறம் மாறுகிறது. 1665-ல் வெளியான 'மைக்ரோகிராஃபியா'வில் ராபர்ட் ஹூக் மெல்லிய படலங்களின் நிறங்களைப் பற்றி எழுதும்போது, துவைச்சல் பிடித்த எஃகின் நிறத்தையும் அதில் சேர்த்துப் பேசுகிறார்.

இப்போது என் கத்தியின் நீலம் புரிந்தது. தொழிற்சாலையில் அவசர அவசரமாகச் சாணை பிடித்திருக்கிறார்கள். சக்கரத்தின் உராய்வில் மெல்லிய வாய்ப்பகுதி கொதித்து, ஏற்கெனவே கிடைத்திருந்த கடினத்தைத் தொலைத்துவிட்டது. தண்ணீர் தொட்டுத் தொட்டு நிதானமாகப் பிடித்திருந்தால் இது நேர்ந்திருக்காது. மலிவுக் கருவியில் சேமிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தைத்தான். பெயின்ட்டும் பளபளப்பும் செலவில்லாதவை, கண்ணுக்கும் தெரியும். உலையில் செலவாகும் நிமிடங்கள் கண்ணுக்குத் தெரியாது.

1970-ல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து இதையே விளக்கினார். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எதற்கும் சராசரி விலைக்குமேல் தர மாட்டார். அந்த விலை கட்டாமல் நல்ல சரக்குக்காரர் ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் மட்டமானதே மிஞ்சும். அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல கத்தி அடிக்கிறவரும் அதை வாங்குகிறவரும் ஒருசேரத் தோற்காமல் இருக்க ஒரே வழி, வாங்குபவர் தரத்தைப் படிக்கக் கற்பதுதான்.

முதலில் உலோகத்திடமே கேட்கலாம். ஒரு புதிய அரத்தை எடுத்து வாயின் ஓரத்தில் லேசாக ஓட்டுங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோலக் கடித்தால் மென்னிரும்பு. கண்ணாடியில் வழுக்குவதுபோலப் போனால் அளவுக்கு மீறிய கடினம். வெட்டுக்கத்திக்கு, அரம் சிரமப்பட்டுக் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். சாணைச் சக்கரத்தில் காட்டினால் பொறியும் பேசும்: கார்பன் குறைந்த இரும்பு நீண்ட, கிளை பிரியாத கோடுகளாகத் தெறிக்கும், கார்பன் மிகுந்த எஃகின் பொறி நுனியில் மத்தாப்பூபோல வெடித்துச் சிதறும்.

வளைத்துப் பார்ப்பதில் ஒரு வியப்பு இருக்கிறது. மென்னிரும்புக்கும் துவைச்சல் பிடித்த எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். ஒரே தடிமன் தகட்டைக் கொஞ்சம் வளைக்க இரண்டுக்கும் ஒரே பலம்தான் வேண்டும். வித்தியாசம் கையை எடுத்த பிறகே தெரியும்: நல்ல எஃகு பழைய நேர்கோட்டுக்குத் திரும்பும், மென்னிரும்பு வளைந்தபடி நின்றுவிடும். "வளைக்கவே முடியவில்லை, அவ்வளவு கெட்டி" என்று ஒருவர் எழுதினால் அவர் கத்தியின் தடிமனைத்தான் சொல்கிறார், தரத்தை அல்ல. மண்பானையைப்போலத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. கணீரென்றால் விரிசல் இல்லை, பூண் ஆடவில்லை என்று அர்த்தம். கடினம் எவ்வளவு என்பதை அந்த ஓசை சொல்லாது. காந்தச் சோதனையும் அப்படியே. "ஸ்டெயின்லெஸ் என்றார்கள், காந்தம் ஒட்டுகிறது, போலி" என்று பலர் கோபப்படுகிறார்கள். தண்ணீர்ச் சொம்பின் ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாத வகை. கத்திக்கு ஆகும் கடின ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும். கோபம் நேர்மையானதுதான், தீர்ப்பு தவறு.

இப்படித் தவறான தீர்ப்பு நம் ஊர் எஃகுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மூசையில் கரியோடு சேர்த்து உருக்கிய தென்னிந்திய எஃகு 'வுட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் போயிற்று. அதில் கார்பன் மிக அதிகம், ஒன்றரை சதவீத அளவு. ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தங்கள் ஊர் இரும்பைக் காய்ச்சும் அதே சூட்டுக்கு இதையும் காய்ச்சினார்கள். சுத்தியல் பட்டதும் உதிர்ந்தது. மட்டமான சரக்கு என்றார்கள். குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டிய எஃகு அது. மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் மேன்மையின் காரணத்தைத் தேடி ஆய்வு செய்தார்கள். ஒரு விமர்சனம் பொருளைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு, அதைப் பயன்படுத்தியவரைப் பற்றியும் சொல்கிறது.

வாங்குமுன் கத்தியைக் கையில் எடுக்க முடியாதபோது நமக்கு மிஞ்சுவது பிறர் வாக்குதான். அதைப் படிக்கவும் கணக்கு இருக்கிறது. ஒரு கத்தியை ஐந்து பேர் வாங்கினார்கள், ஐவரும் நன்று என்றார்கள். இன்னொன்றை நூறு பேர் வாங்கி, தொண்ணூறு பேர் நன்று என்றார்கள். எதை வாங்குவது? 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் ஓர் எளிய வழி சொன்னார்: இரண்டிலும் ஒரு நல்ல வாக்கையும் ஒரு கெட்ட வாக்கையும் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதலாவது ஏழில் ஆறு, 86 சதவீதம். இரண்டாவது 102-ல் 91, 89 சதவீதம். குறையே இல்லாத ஐந்தைவிட, பத்துக் குறை உள்ள நூறு மேல். நாளைக்குச் சூரியன் உதிக்குமா என்ற கேள்விக்கும் லாப்லாஸ் இதே கணக்கைத்தான் போட்டார்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: பேசியவர்கள் வாங்கிய அனைவருக்கும் சரியான சாம்பிளாக இருக்க வேண்டும். சாம்பிள் என்றால் என்னவென்று இந்த மலையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. சின்ன சாம்பிளைக் கையில் கொட்டி நிறமும் பருமனும் பார்த்து, மொத்தச் சரக்குக்கும் கணினியில் விலை போடுகிறார்கள். அந்த சாம்பிள் மூட்டை முழுவதும் கலந்து எடுத்ததாக இருக்க வேண்டும். மேல்வாயிலிருந்து பொறுக்கிய பச்சைக் காயாக இருந்தால் ஏலமே பொய்.

இணைய விமர்சனங்களில் பெரும்பகுதி மேல்வாய்ச் சரக்கு. மிக மகிழ்ந்தவர் எழுதுவார், மிகக் கொதித்தவர் எழுதுவார், "பரவாயில்லை" என்பவர் எழுதவே மாட்டார். அதனால்தான் பல பொருள்களில் ஐந்து நட்சத்திரத்தில் ஒரு குன்றும் ஒன்றில் ஒரு மேடும் நடுவில் பள்ளமுமாக இருக்கிறது, இதை 2009-ல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. காசு கொடுத்து எழுத வைத்தவை வேறு கலந்திருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய நுகர்வோர் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் உண்மையில் இருக்கிறாரா என்று சரிபார்ப்பது, விலைக்கு வாங்கிய விமர்சனத்தை விலக்குவது போன்றவை அதில் உண்டு. எஃகுக்கும் சிமென்ட்டுக்கும் இருப்பதுபோல மனிதர் வாக்குக்கும் ஒரு தர அளவு வந்திருக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு குறை நிற்கிறது, அதுதான் பெரியது. காலம். பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதச் சொல்கிறார்கள், நாமும் எழுதிவிடுகிறோம். அன்றைக்குத் தெரிவது பளபளப்பும், வந்து சேர்ந்த வேகமும்தான். துவைச்சல் சரியா என்று முதல் நூறு வெட்டில் தெரியும். பூண் தாங்குமா என்று இரண்டாவது மாதம் தெரியும். கைப்பிடிக்குள் இறங்கிய இரும்பு துருவேறித் தளருமா என்று ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்த பிறகே தெரியும். விலை மலிந்த கருவிகளில் அருமையானவையும் உண்டு. அவற்றையும் காலம்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே நான் இப்போது முதல் வாரத்துப் பாராட்டையும் வசையையும் ஒதுக்கிவிட்டு, "ஆறு மாதம் ஆயிற்று" என்று தொடங்கும் வரிகளைத் தேடுகிறேன். எதை வெட்டினார், எங்கே மடிந்தது, எத்தனை நாளில் ஆடியது என்று சொல்லும் ஒருவர், வெறும் நட்சத்திரம் போட்ட ஐம்பது பேருக்குச் சமம்.

அந்தக் கத்தியை ஆசாரி வாய்ப்பகுதி மட்டும் காய்ச்சித் தோய்த்து, மஞ்சள் ஓடிக் கத்தரிப்பூ நிறம் எட்டியதும் நிறுத்தி, நிதானமாகச் சாணை பிடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் ஜீப்பில் பக்கத்தில் இருந்த அக்கா அதை வாங்கிக் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்த்தார். எங்கே வாங்கியது, என்ன விலை என்றெல்லாம் கேட்கவில்லை.

"எத்தனை மழை பார்த்த கத்தி?" என்றார்.

"இனிமேல்தான்க்கா."

"அப்போ மழை முடிஞ்சு சொல்லு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சாக்கைப் பிரித்து மூன்று மழை பார்த்த தன் கத்தியைக் காட்டினார். பிடி கறுத்து, கை பட்ட இடம் தேய்ந்து பளபளத்தது. வாய் நேராக இருந்தது.

இந்த மழை முடிந்ததும் நானும் எழுதுவேன்.