அருவியில் உடைந்தது, கொற்கையில் சேர்ந்தது

ஆனி, ஆடியில் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் குளித்து, தலை காய்வதற்குள் புரோட்டாக் கடையில் உட்கார்ந்து, மாலையில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் காலையில் பேரருவியில் குளித்துவிட்டு, அந்தத் தண்ணீரின் பின்னாலேயே கிழக்கே கொற்கை வரை போய்ப் பார்க்க ஒரு பகல் போதும். சுமார் 100 கிலோமீட்டர்தான். நிலவியலைக் கண்ணால் கண்டு படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் இல்லை.

பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். அத்தனை உயரத்திலிருந்தும் நீர் நேராக விழுந்தால் அடியில் யாரும் தலையைக் கொடுக்க முடியாது. பாதி வழியில் பாறையில் இருக்கும் பொங்குமாகடல் என்ற ஆழ்பள்ளம் அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதில் நிரம்பி வழிவதுதான் நம் மேல் விழுகிறது. இப்படிப்பட்ட பள்ளங்களை வெட்டுவதும் நீர்தான். வெள்ளம் உருட்டிவரும் கற்கள் சுழலில் சிக்கி, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோலப் பாறையை அரைத்துக் குடைகின்றன. குடைகிற கல்லும் தேய்ந்து மணலாகிறது.

இந்த மலைப்பாறை, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகியது. ஆனாலும் மழைக்கு அது தப்புவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு விழும் மழைநீர் மெல்லிய அமிலம். அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் அசைந்து கொடுப்பதில்லை, மணலாக உதிர்கிறது. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரை மணலில் சிவப்பாக மின்னும் கார்னெட்டும், கறுப்பாகப் படிந்திருக்கும் இல்மனைட்டும் இப்படி மலையிலிருந்து இறங்கியவைதாம்.

பேரருவியின் நீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அதற்குக் கிழக்கே நிலம் சமதளம். ஓட்டம் தளர்ந்ததும் ஆறு முதலில் மணலை இறக்கிவைக்கிறது, பிறகு வண்டலை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களும் வயல்களும் அந்த வண்டலில் நிற்பவை.

ஏரலை அடுத்த கொற்கையில் இறங்கினால் வயலும் குளமும்தான் கண்ணில் படும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' இதன் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அகழாய்வில் இங்கே சங்குகள் கிடைத்துள்ளன. இன்று கடலோ ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் தானாக விலகிவிடவில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் கரையைக் கிழக்கே நகர்த்தியது. இலங்கை மறைவில் அலைவேகம் குறைந்த மன்னார் வளைகுடா, கொட்டிய மண் தங்குவதற்கு இடம் கொடுத்தது.

கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதாக எழுதிய துறை, இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் கண்டார். அதுவும் இப்போது கடலை விட்டு விலகிய ஊர். ஆற்றின் வாய் புன்னைக்காயலில் இருக்கிறது. அதற்கு வடக்கே, வண்டலுக்கு ஒதுங்கி நின்ற தூத்துக்குடிதான் கடைசியில் பெரிய துறைமுகமாக நிலைத்தது. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் எழுதிய கால்டுவெல், கொற்கையும் காயலும் வீழ்ந்ததற்கு வண்டலையே காரணமாகச் சொன்னார். அவர் கணித்தது சரி.

இன்று நிலைமை தலைகீழ். பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணைகள் மணலை மறிக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் மண் தேங்குகிறது. ஆற்றிலிருந்து லாரி லாரியாக அள்ளியதும் கொஞ்சமல்ல. மணல் வரத்து குறையும் கழிமுகங்களில் கடல் கரையை அரிக்கும். உலகெங்கும் இதைப் பார்த்துவிட்டோம். கட்டிய அணைகளை இடிக்க முடியாது. ஆனால் தாமிரபரணியில் மணல் அள்ளுவதை அடியோடு நிறுத்த முடியும். அதை உடனே செய்ய வேண்டும்.