சிரிக்க வைக்கும் தோல் பாவை

பெங்களூரில் குமாரகிருபா சாலையில் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது. அதன் பெயர் கர்நாடக சித்திரகலா பரிஷத். இது 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே தோலில் வரைந்த பழைய படங்களைப் பார்க்கலாம்.

இவை சுவரில் மாட்டுவதற்காகச் செய்த படங்கள் அல்ல. கூத்தில் ஆட்டுவதற்காகச் செய்தவை. கன்னடத்தில் இந்தக் கூத்துக்குத் 'தொகலு கொம்பெயாட்டா' என்று பெயர். தொகலு என்றால் தோல். கொம்பெ என்றால் பொம்மை. நம் ஊர்த் தோல்பாவைக் கூத்து போன்றதுதான் இது.

பாவையை எப்படிச் செய்வார்கள்? ஆட்டுத் தோலை ஊற வைப்பார்கள். முடியைச் சுரண்டி எடுப்பார்கள். தோலை இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். தோல் மெல்லிசாகி விடும். அதில் உருவம் வரைந்து வெட்டுவார்கள். நகை வரும் இடத்தில் சிறு சிறு துளை போடுவார்கள். சாயம் பூசுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவார்கள். வெளிச்சம் தோலுக்குள் புகுந்து வரும். திரையில் சிவப்பும் பச்சையும் மின்னும்.

ராஜாவின் பாவை பெரிதாக இருக்கும். வேலைக்காரனின் பாவை சிறிதாக இருக்கும். அந்தஸ்துக்கு ஏற்ற அளவு!

ஆனால், ஊரைச் சிரிக்க வைப்பவன் ராஜா அல்ல. கிள்ளேக்யாதன் என்னும் கோமாளிதான். கறுத்த உடம்பு, தொந்தி, தடித்த உதடு, பரட்டைத் தலை. அவன் மனைவி பங்காரக்கா. ராமாயணக் கதைக்கு நடுவே இருவரும் புகுந்து விடுவார்கள். உள்ளூர் விஷயம் பேசுவார்கள். பெரிய மனிதர்களையும் கிண்டல் செய்வார்கள். நேரில் சொன்னால் சண்டை வரும். பாவை சொன்னால் சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்வது இதே வேலைதான்.

எழுத்து அறியாத மக்களுக்கு இந்தக் கூத்தே புத்தகமாக இருந்தது. பிறகு சினிமா வந்தது. தொலைக்காட்சி வந்தது. கூத்துப் பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கிழிந்து போன பாவைகளை ஆற்றில் விடுவது பழைய வழக்கம். அப்படியும் பல பாவைகள் மறைந்தன. ஓவியர் எம்.எஸ். நஞ்சுண்டராவ் பாவைகளைத் தேடிச் சேர்த்தார். சித்திரகலா பரிஷத்தை வளர்த்தவர் அவர்.

பாவையைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? ஆட்டும் கை வேண்டும். பேசும் வாய் வேண்டும். கொப்பள மாவட்டத்தைச் சேர்ந்த பீமவ்வா 70 ஆண்டுகளுக்கு மேல் பாவை ஆட்டியவர். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 96.

கூடத்தில் இருக்கும் கிள்ளேக்யாதன் பேச மாட்டான். திரைக்குப் பின்னால் ஒருவர் அவனைக் கையில் எடுக்க வேண்டும். திரைக்கு முன்னால் பத்துப் பேர் உட்கார வேண்டும். அப்போதுதான் அவன் வாயைத் திறப்பான்.