ஊசி வைத்தியத்துக்கு உகந்த வேளை

முதுகு வலிக்கென்றும் பக்கவாதத்தால் தளர்ந்த கைகால்களுக்கென்றும் அக்குபங்சர் வைத்தியரை நாடிச் செல்லும் ஜொகூர்த் தமிழர்கள், நல்ல நேரம் பார்த்தே எக்காரியத்தையும் தொடங்கும் குடும்பங்களில் வளர்ந்தவர்களாதலின், எந்த வேளையில் ஊசி குத்திக்கொண்டால் பலன் மிகுதி என்று விசாரிப்பது இயல்பே. அக்கேள்வியை மூடநம்பிக்கையென்று ஒதுக்குவதற்கில்லை. சீன வைத்திய சாஸ்திரமே அதற்கு விஸ்தாரமான விடையொன்றை வகுத்து வைத்திருக்கிறது.

உயிர்ச்சக்தியானது சரீரத்தின் 12 சக்தி நாளங்களிலும் முறைப்படி பெருகி வற்றுகிறது என்பதும், ஒவ்வொரு நாளத்துக்கும் 2 மணி நேரம் உரியது என்பதும் அச்சாஸ்திரத்தின் சித்தாந்தம். விடியுமுன் 3 முதல் 5 வரை நுரையீரலுக்கும், காலை 7 முதல் 9 வரை இரைப்பைக்கும், அடுத்த 2 மணி நேரம் மண்ணீரலுக்கும், 11 முதல் 1 வரை இருதயத்துக்கும் உரியவை. இந்த 2 மணிக் கூறு நம் முன்னோரின் 5 நாழிகைக்குச் சரிசமம் என்பதையும், திதிதோறும் அமிர்த நிலை உடம்பில் இடம் மாறுவதாக நம் வர்ம நூல்கள் உரைப்பதையும் எண்ணிப் பார்த்தால், இக்கருத்து நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும், அந்தச் சித்தாந்தத்தை வகுத்தவர்கள் சூரியனைக் கொண்டு பொழுதைக் கணித்தவர்கள். மலாயாவின் கடிகாரமோ, 1941-இல் கிரீனிச் நேரத்துக்கு 7½ மணி முந்தியதாக இருந்து, ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோவைப் பின்பற்றி 9 மணியாகி, யுத்தம் முடிந்தபின் பழைய நிலைக்கு மீண்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போகும் பொருட்டு 1982 ஜனவரி 1 முதல் 8 மணியாக நிலைபெற்றது. சூரிய கதிப்படி ஜொகூர் பாருவுக்கு உரியது ஏறத்தாழ 6 மணி 55 நிமிஷமே. ஆகவே சுவர்க் கடிகாரம் 11 அடிக்கும்போது அங்கே சூரியனுக்கு மணி 10 கூட ஆகவில்லை. இருதய காலமென்று நம்பி ஒருவர் படுக்கும் அந்த வேளை, சாஸ்திரப்படியே பார்த்தாலும், மண்ணீரலுக்கு உரியது.

உடம்புக்குள் காலக் கணக்கு உண்டென்பது மெய். உயிரணுக்களில் இயங்கும் அக்கணக்கின் சூட்சுமத்தை விளக்கியதற்காகவே ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமாக்காரருக்கு விடியற்காலையில் மூச்சுத் திணறல் அதிகரிப்பதும் வைத்தியர்கள் அறிந்ததே. ஆனால் இன்ன மணிக்கு ஊசி குத்தினால் இன்ன உறுப்பு தேறும் என்பது பரிசோதனைகளால் நிலைநாட்டப்பட்டதன்று.

என் அபிப்பிராயத்தில் மிகுந்த மதிப்புக்குரியவை, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடைய 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்னும் சீன வைத்திய நூல் கூறும் விலக்குகளே. மது அருந்தியவர், கடுங்கோபத்தில் இருப்பவர், வேலை செய்து களைத்தவர், அப்போதுதான் வயிறார உண்டவர், பசித்தவர், தாகமுற்றவர், திகிலடைந்தவர் ஆகியோருக்கு ஊசி குத்தலாகாதென்று அந்நூல் விதிக்கிறது. அதாவது, அது பார்க்கச் சொல்வது நோயாளியின் நிலையை. விடியற்காலை 4 மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று, இரவில் சோர்ந்து திரும்பும் தொழிலாளி, அந்தக் களைப்போடு வைத்தியரிடம் போவதைவிட, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் போவதே மேல். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியிருப்பது இதற்கு அனுகூலம். பாசிர் கூடாங்கில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கோ, பகலில் உறங்கி எழுந்த பிற்பகலே காலைப்பொழுது. மலேசியாவில் நீரிழிவு நம் இந்தியரிடையேதான் மிகுதியென்பதால் இன்னொன்றையும் வற்புறுத்த வேண்டும்: மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஊசிக்குப் படுத்தால் மயக்கம் வரக்கூடும். இலேசாக உண்டு, ஒரு மணி நேரம் கழித்து, படுத்த நிலையில் செய்துகொள்வதே க்ஷேமம்.

ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையின் பாரம்பரிய வைத்தியப் பிரிவிலும் அக்குபங்சர் உண்டு. டாக்டரின் பரிந்துரையோடு சென்று, அவர்கள் குறித்துக் கொடுக்கும் பகல் வேளையை ஏற்றுக்கொள்வதில் நஷ்டம் ஏதுமில்லை. ஒரே வேளையைத் தொடர்ந்து கடைப்பிடித்தால், வலி குறைகிறதா என்று ஒப்பிட்டறிவதும் சுலபம்.

முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறும் பக்கவாதத்தில் மட்டும் எந்த உறுப்புக் கால அட்டவணையையும் புரட்டிக்கொண்டிராமல், நள்ளிரவாயினும் 999-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்; இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் கண்ட 4½ மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.