வானொலி நாடகம்: வகை தெரிதலும் திட்டமிடலும்

முத்தமிழுள் நாடகத்தைக் கண்ணுக்குரிய கலையாகவே கருதிப் பழகியிருக்கிறோம். ஆயினும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடிக்குமிடத்து, மெய்ப்பாட்டை உணரும் வாயில்களாகக் கண்ணையும் செவியையும் ஒருசேர வைத்துப் பேசுகிறார். அவ்விரண்டனுள் கண்ணை அறவே விடுத்து, செவி ஒன்றையே நம்பி நிற்பது வானொலி நாடகம். 1924 ஜனவரி 15 அன்று பி.பி.சி. ஒலிபரப்பிய 'டேஞ்சர்' என்னும் நாடகம் வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகப் போற்றப்படுகிறது. அதனை எழுதிய ரிச்சர்டு ஹியூஸ் கதை நிகழிடமாகத் தேர்ந்தது, விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கம். பாத்திரங்களுக்கும் கண் தெரியாது. கேட்போருக்கும் கண் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நிற்கின்றனர். புதிய கலையின் இயல்பை அந்த இளைஞர் முதல் முயற்சியிலேயே அறிந்துகொண்டார் என்பது வியப்புக்குரியது.

வானொலி நாடகங்களைச் சமூக நாடகம், வரலாற்று நாடகம், இலக்கிய நாடகம், நகைச்சுவை நாடகம், இசை நாடகம், தொடர் நாடகம் எனப் பகுப்பது வழக்கம். பாடநூல்களும் இப்பகுப்பையே தருகின்றன. இது கதைப்பொருளைக் கொண்டு செய்த பகுப்பு. எழுத அமர்பவனுக்கு இது பெரிதும் உதவுவதில்லை என்பது எம் கருத்து. ஒரே கதை, கேட்போனை எவர் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து நகைச்சுவையாகவும் ஆகலாம், அவலமாகவும் ஆகலாம். வகையைத் தீர்மானிப்பது பொருள் அன்று. கேட்போன் நிற்கும் இடமே ஆகும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' ஓர் அறிவியற் புனைகதை. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழுவினர் அதனை அமெரிக்க வானொலியில் நிகழ்த்தியபோது, நடன இசையை இடைமறித்து வரும் செய்தியறிக்கையாக அதன் முற்பகுதியை அமைத்தனர். கதை கேட்பவனைச் செய்தி கேட்பவனாக மாற்றிவிட்டனர். நாடே அஞ்சி ஓடியது என நாளிதழ்கள் எழுதியது மிகைக்கூற்று எனப் பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். எனினும் கேட்டவர்களுள் சிலரேனும் மெய்யென நம்பினர் என்பது உண்மை. மருட்கைக்குரிய கதை அச்சத்துக்குரியதாக மாறியது, செவி நின்ற இடம் மாறியதாலேயே.

தொல்காப்பியம் தரும் கருவி

இவ்விடத்தை வரையறுக்க மேலைநாட்டு நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. செய்யுளியலில் தொல்காப்பியர் அடுக்கும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன இடம்பெறுகின்றன. அகப்பாடலில் புலவன் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி கேட்பாள், சிறைப்புறத்தே தலைவன் நின்று செவிமடுப்பான். வானொலி நேயர் அந்தச் சிறைப்புறத்துத் தலைவனைப் போன்றவர். அவரை நோக்கி எவரும் பேசுவதில்லை. ஆனால் பேசப்படுவதெல்லாம் அவருக்காகவே. ஆதலின் ஒரு நாடகத்தை ஆராயும்போதும் திட்டமிடும்போதும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இவை: யார் கூற்று? நாடகத்துக்குள் அதைக் கேட்பவர் யார்? களன் எது, அது எந்த ஓசையால் அறியப்படும்? சொல்லாமல் விடும் எச்சம் யாது?

இவ்வினாக்களை நம் மாவட்டத்துக்கே உரிய நூலொன்றில் வைத்துப் பார்ப்போம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' 1917, 1918ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி, மருமக்கள் தாய முறையால் தன் குடும்பம் சீரழிந்த வரலாற்றைத் தன் வாயாலேயே சொல்வதாக அமைந்தது. தந்தை உயிரோடிருந்தும் பிள்ளைகளுக்கு உரிமையில்லை; சொத்து சகோதரியின் மக்களுக்கே. அம்முறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் 1926இல் வந்தது.

நூல் முழுவதும் எள்ளல் நிறைந்தது. 'மாமி அரசியற் படலம்', 'கோடேறிக் குடிமுடித்த படலம்' எனக் காப்பியப் பெயர் சூட்டி வீட்டுச் சண்டையைப் பாடினால் யாருக்குத்தான் நகை வாராது? ஆகவே இதனை நாடகமாக்க முனைவோர் நகைச்சுவை நாடகம் என்றே முடிவு செய்வர். நம் மாணவர்களிடம் கேட்டபோதும் வந்த விடை அதுவே. ஐந்து மனைவியர், ஓர் அடுக்களை, உருளும் பாத்திரங்கள், மாமியின் கீச்சுக்குரல், காரணவரின் கனைப்பு. அரை மணி நேரம் அயராமல் சிரிக்க வைக்கலாம். ஆனால் இவ்வாறு அமைக்கும்போது நேயர் எங்கே நிற்கிறார் என்பதை நோக்க வேண்டும். அவர் தெருத் திண்ணையில் அமர்ந்து அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டுச் சிரிப்பவராகிறார். எந்தப் பெண்ணுக்காகக் கவிமணி பாடினாரோ அவளைப் பார்த்தே சிரிக்கும்படி ஆகிறது.

காட்சி காட்சியாகப் பிரித்துச் சமூக நாடகமாக்கினால் என்ன? மாமி, காரணவர், மருமகன், வக்கீல் என அனைவருக்கும் குரல் கிடைக்கும். நியாயம் இருபுறமும் பேசப்படும். ஆனால் நூலில் தனியொருத்தியின் கூற்றாக இருந்தது பத்துப் பேர் கூற்றாகப் பிரிந்துபோம். அவள் பத்தில் ஒருத்தி ஆவாள்.

நாம் பரிந்துரைப்பது வேறொன்று. குரல்கள் இரண்டே போதும். ஒருத்தி அவள், மற்றவர் வழக்கு மனு எழுதும் இளம் குமாஸ்தா. களன், வக்கீல் வீட்டு முன்கூடம். குமாஸ்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர் என்று கொள்ளலாம். அவருக்கு மக்கள் வழிதான் தெரியும். நாஞ்சில் நாட்டு முறை தெரியாது. இன்றைய நேயருக்கும் தெரியாது. ஆகவே அவர் கேட்கும் ஐயங்கள் நேயரின் ஐயங்களாகும். விளக்கவுரை தனியே வேண்டா. அவள் மாமியைப் பற்றிச் சொல்லச் சொல்லக் குமாஸ்தா சிரிப்பார். நேயரும் உடன் சிரிப்பார். கவிமணியின் எள்ளல் முழுவதும் இவ்வாறு இடம்பெறும். இடையறாது கேட்கும் ஓசை, தாளில் ஓடும் பேனா முள்ளின் கீறல் ஒன்றே. ஓரிடத்தில் அவர் கேட்பார்: “அம்மா, இதிலே உங்க மகன் பேரு எங்க வருது?” அவள் சொல்வாள்: “எனக்க மவன் பேரா? அது வராது மக்கா.” பேனா நின்றுவிடும். அந்த நான்கைந்து வினாடி மௌனமே எச்சம். அதுவரை சிரித்தவர், எதைக் கேட்டுச் சிரித்தோம் என்று எண்ணும் இடம் அது. பின்னணியில் சோக இசை சேர்ப்பாரும் உளர். சேர்த்தால் நாடகம் கெட்டது.

வட்டார மொழி

'எனக்க மவன்' என்பதை 'என் மகன்' எனத் திருத்தலாகாதா என்று கேட்பர். நூலில் வட்டாரச் சொல்லுக்கு அடிக்குறிப்பு இடலாம். காற்றில் அடிக்குறிப்பு இல்லை என்பது அவர்தம் வாதம். இலங்கை வானொலி இதற்கு விடை தந்திருக்கிறது. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', 'சானா' என அறியப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' முதலியன ஈழத்துப் பேச்சு மொழியை நாணாமல் ஒலிபரப்பின. சொல் புரியாத இடத்தில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளைச் சொல்லிவிடும். புரியவே புரியாத சொல்லாயின், அடுத்த பாத்திரம் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும்படி அமைப்பது எளிய வழி. நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கடப்பாடும் உண்டு. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். உள்ளூர் நிலையத்திலும் உள்ளூர் வாய்மொழி ஒலிக்கவில்லையெனில் வேறெங்கு ஒலிக்கும்? தோப்பில் முகமது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் பதிவு செய்த தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு, அச்சில் படிப்பதைவிடச் செவியில் கேட்கத் தக்கது. முதியோர் வாயிலிருந்து அது மறைந்து வருவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

பிற வகைகள்

மான்மியத்தை வில்லிசையாகவும் திட்டமிடலாம். வில், குடம், உடுக்கு, தாளம், கட்டை ஆகியவற்றோடு நிகழும் இக்கலையில் புலவர் பாடிக் கதை சொல்ல, எதிரிருப்பவர் 'ஆமா' போட்டும் இடைவினா எழுப்பியும் கேட்பார். வானொலிக்காரர் கதைசொல்லி, உரையாடல், பின்னணி ஓசை என்று பிரித்துக் கற்பதை நம் வில்லடிக் கலைஞர் பிறவியிலேயே கற்றிருந்தனர் எனலாம். ஆனால் வில்லிசை ஊர் கூடிக் கேட்பது. ஐந்தாம் மனைவியின் கூற்றோ ஒருவர் செவியில் விழ வேண்டியது.

வரலாற்று நாடகத்தில் நேரும் பிழை, அரசவையிலேயே ஒலிவாங்கியை நட்டுவிடுதல். மார்த்தாண்ட வர்மர் டச்சுப் படையை வென்ற 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரை எழுதுவோர் பீரங்கி முழக்கத்தையும் வீரவசனத்தையும் மாறி மாறி அடுக்குவர். இரண்டு நிமிடத்தில் பீரங்கி வெறும் இரைச்சலாகிவிடும். கடற்கரைக் குடிசை ஒன்றில் நேயரை நிறுத்தி, அலையோசைக்கு அப்பால் எப்போதேனும் ஒரு வெடி கேட்கும்படி அமைத்தால் அச்சம் நிலைக்கும். பெருமிதத்தை இறுதிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இசுலாமிய வரலாற்று நாடகத்தில் ஒரு வரையறை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எவரும் குரல் கொடுத்தலாகாது. இதனைத் தடை என்று கருதும் எழுத்தாளர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர்களைக் கண்டு திரும்பிய ஒருவர், வாயிலில் காத்திருந்த மற்றொருவருக்கு உரைப்பதாக அமைத்தால், எச்சம் என்னும் உறுப்பு தானே வந்து பொருந்தும்.

உண்மை நிகழ்ச்சியை ஒட்டிய ஆவண நாடகத்தில் இன்னும் கருத்து வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்து மீனவர் பலர் கடலிலிருந்து திரும்பவில்லை. அதை நாடகமாக்குவோர் நடிகையரை வைத்து ஒப்பாரி பதிவு செய்தல் தகாது. அந்நாளைய அறிவிப்புகள், இசைவு பெற்றுப் பதிந்த உறவினர் கூற்று, கரையில் காத்திருக்கும் பொழுதின் ஓசைகள் ஆகியவை போதும். புனைந்த பாத்திரம் வேண்டுமெனில் கேள்வி கேட்பவராக மட்டும் வரட்டும்.

உழவர்க்கான தொடர் நாடகம் பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் நம் பருவங்களோடு கதை நகர வேண்டும் என்பதை மட்டும் குறிக்கலாம். தொடரில் பாத்திரத்துக்கு வயலும் நேயருக்கு வயலும் ஒரே நாளில் அறுவடையானால், அடுத்த வாரமும் அவர் கேட்பார்.

எழுதி முடித்தபின் செய்ய வேண்டுவன சில. படியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கண்மூடிக் கேட்க வேண்டும். யார் பேசுகிறார் என்று ஓரிடத்தில் ஐயம் வந்தாலும் அங்கே விளிப்பெயர் ஒன்று தேவை; ஆனால் அடிக்குமேல் அடி பெயர் சொல்லி அழைத்தால் உரையாடல் செயற்கையாகும். ஒத்த தொனியுடைய இரு குரல்களை ஒரே காட்சியில் வைத்தலாகாது. “இதோ கதவைத் திறக்கிறேன்” என்பது போன்ற வசனத்தை அடித்துவிட்டுக் கதவோசையை எழுதுக. கடிகாரம் வைத்து நேரம் பார்க்கும்போது மௌனங்களையும் சேர்த்துக் கணக்கிடுக. மாணவர் படிகள் பெரும்பாலும் நீண்டுவிடுவது இங்கேதான். ஒலிப்பதிவின்போது தாள்களை இணைத்துத் தைக்காமல் தனித்தனியாகவே வைத்து, முடிந்த தாளை ஓசையின்றி ஒதுக்கப் பழக வேண்டும். மான்மிய நாடகத்தில் தாளோசை ஒன்று கேட்கலாம். அது குமாஸ்தாவின் மனுத்தாளாக மட்டுமே இருக்க வேண்டும்.